அரிசி டப்பாவுக்குள் ஒரு பீக்கன்

அம்மிணி,

இதைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், நீ தமிழை எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிப்பாய் என்பதுதான். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டாம் வரியிலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டு, மூன்றாம் வரியில் "அப்பா, இட்ஸ் ஃபைன்" என்று பதில் அனுப்பிவிடுவாய். அந்த "இட்ஸ் ஃபைன்" கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்கு அழுதுகொண்டே போய்க் கற்ற எழுத்துக்கு இன்றைக்கு ஒரு வேலை வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள். புரியாத சொல் வந்தால் என்னிடம் கேள். நீ கட்டிக்கொள்ளப் போகிற விக்னேஷிடம் கேட்காதே, அவன் உன்னைவிட மோசம்.

நான் களைத்துப் போயிருக்கிறேன். தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறோம். சாப்பாட்டு மேஜை முழுக்கப் பத்திரிகைப் பெட்டிகள், அவற்றுக்கு நடுவே ஒரு ஓரத்தை ஒதுக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சமையல்காரர் போன் எடுப்பதில்லை. கோயில் மண்டபத்தில் எத்தனை மணிக்கு இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். இந்தக் களைப்பெல்லாம் பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் உள்ளதுதான், படுத்து எழுந்தால் போய்விடும். நான் சொல்ல வந்தது படுத்தாலும் போகாத இன்னொரு களைப்பைப் பற்றி.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் நீங்கள் இரண்டு பேரும் தாஹோ ஏரிக்கு அந்தப் பக்கம் மலைக்குப் போகிறீர்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் "ஹனிமூன் எங்கே, ஹவாயா?" என்று கேட்கிறார்கள். "ஸ்னோ பார்க்கப் போறாங்க" என்று சொல்லிவைக்கிறேன். அவர்கள் நினைப்பது லிஃப்ட் ஓடுகிற, ஹாட் சாக்லேட் விற்கிற மலையை. நீங்கள் போவது அது இல்லை என்று எனக்குத் தெரியும். லிஃப்ட் இல்லாத, காவலுக்கு ஆள் இல்லாத மலை அது. பனிப்பலகையை இரண்டாகப் பிரித்துக் காலில் மாட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய், மறுபடி ஒன்றாக்கி வழுக்கி இறங்க வேண்டும். எந்தச் சரிவு நிற்கும், எது உடைந்து கீழே வரும் என்று அங்கே யாரும் பலகை எழுதி வைத்திருக்க மாட்டார்கள். நீயேதான் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை நீ ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டே ஒரு கதை சொன்னாய். உன் சிநேகிதன் ஒருவன் சரிவைக் குறுக்கே கடக்கும்போது மேலே பனி உடைந்து, அவனை இடுப்பு வரை மூடி, கொஞ்ச தூரம் கீழே இழுத்துக்கொண்டு போனதாகச் சொன்னாய். தோண்டி எடுத்தீர்களாம். "எவ்வளவு பெருசு?" என்று கேட்டேன். "ஸ்மால் ஒன், அப்பா" என்று சொல்லிவிட்டு இன்னொரு அப்பளம் கேட்டாய். உன் அம்மா அப்பளம் எடுக்க எழுந்து போனாள். அவளுக்கு அது யாரோ சறுக்கி விழுந்த கதை. எனக்கு அன்றிலிருந்து அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டால் அந்தச் சரிவு ஞாபகம் வருகிறது. சிரிக்காதே, உண்மையைத்தான் சொல்கிறேன்.

ஒன்றும் தெரியாமல் பயப்படுகிற அப்பன் இல்லை நான். நீ அந்தப் பனிச்சரிவுப் பயிற்சிக்குப் போய் வந்த காலத்தில் உனக்கு வீட்டில் கிடைத்த ஒரே கூட்டாளி நான்தான். பீக்கன் என்கிற அந்தக் கைக்கு அடங்குகிற கருவியை எனக்கு முதலில் காட்டிய நாள் நினைவிருக்கிறதா? மலையில் எல்லோரும் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு போக வேண்டும், அது சும்மா சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றி, அம்புக்குறியையும் எண்ணையும் பார்த்துக்கொண்டு போக வேண்டும். எண் குறையக் குறைய ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். அப்புறம் ப்ரோப் என்கிற நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, ஆள் தட்டுப்பட்டதும் ஷவலால் தோண்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் சில நிமிடங்கள்தான், வெளியிலிருந்து யாரும் அதற்குள் வந்து சேர மாட்டார்கள். இதையெல்லாம் நீ எனக்கு ஸ்கூல் டீச்சர் மாதிரி சொன்னாய். நானும் நல்ல பையனாகக் கேட்டுக்கொண்டேன்.

பிறகு உன் ப்ராக்டிஸ். கடையில் வாடகைக்கு எடுத்த இன்னொரு பீக்கனை நாங்கள் ஒளித்து வைப்போம், நீ தேடுவாய். முதல் நாள் உன் அம்மா அதை எவர்சில்வர் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டாள். நீ வீட்டையே தலைகீழாக்கிவிட்டாய், ஒரு பீப் சத்தம்கூட வரவில்லை. கருவி ரிப்பேர் என்று கடைக்குப் போன் செய்யப் போன நேரத்தில்தான் அவள் பெருமையோடு மூடியைத் திறந்து காட்டினாள். எவர்சில்வருக்குள் இருந்து சிக்னல் வெளியே வராது என்று நீ விளக்கியபோது, "அப்ப நான்தானே ஜெயிச்சேன்?" என்றாள். அதற்குப் பிறகு சோனா மசூரி அரிசி பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறியது. அரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டு நீ துழாவிய அந்த வாரங்களில் சோற்றில் உன் கையுறையின் நூல் வரும். எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன். கடைசியில் நாங்கள் ஒளித்து வைத்துவிட்டு உட்காருவதற்குள் எடுத்துவிடுவாய். அப்போது எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, அதை மறைக்கவில்லை.

அந்த விளையாட்டில் நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. புதைந்து கிடக்கிற பீக்கன் சிக்னல் அனுப்புவதைத் தவிர எதுவுமே செய்யாது. கிடக்கும், அவ்வளவுதான். மலையில் நீ முதுகில் சுமக்கிற ஷவல் உன்னைத் தோண்டாது. அது விக்னேஷுக்கு. உன்னைத் தோண்டப் போகிற ஷவல் அவன் முதுகில் இருக்கிறது. இதை நான் கண்டுபிடித்ததாக நினைக்காதே, நீதான் சொன்னாய். மறந்துவிட்டாய் என்பதுதான் என் வருத்தம்.

விக்னேஷ் நல்ல பையன். எனக்குப் பிடித்திருக்கிறது, அதை அவனிடம் சொல்லிவிடாதே. ஆனால் அவன் வளர்ந்தது டெக்சாஸில், காப்பெலில். அங்கே பனி என்றால் குழாய் வெடித்து வீட்டுக்குள் தண்ணீர் வருவது. சான்டா கிளாராவுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் லிஃப்ட் ஓடுகிற மலைகளில் சறுக்கக் கற்றான். உன்னோடு வர வேண்டும் என்றதும் பீக்கன், ப்ரோப், ஷவல், இழுத்தால் பலூன் மாதிரி விரிகிற முதுகுப்பை எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் வாங்கிவிட்டான். பயிற்சி வகுப்பைப் பற்றிக் கேட்டால் "நெக்ஸ்ட் சீசன், அங்கிள், இப்ப ஆஃபீஸ்ல ரொம்ப பிஸி" என்றான். உன்னிடம் கேட்டேன். "நான் பாத்துக்கறேன்ப்பா, எனக்குத்தான் தெரியுமே" என்றாய். "நீ உள்ளே போயிட்டா?" என்று கேட்டேன். "நான் போக மாட்டேன்" என்றாய்.

அதனால்தான் அந்த மத்தியான விருந்து அன்று அப்படிச் செய்தேன். சம்மந்தி வீட்டார் மண்டபம் பார்க்க காப்பெலிலிருந்து வந்திருந்தார்கள். உன் அம்மா காலையிலிருந்து அடுப்படியில் நின்றாள். நான் உன் பீக்கனை எடுத்து, பின்பக்கம் எலுமிச்சை மரத்தடியில் கூட்டி வைத்திருந்த சருகுக் குவியலுக்குள் புதைத்து வைத்தேன். பாயசம் வருவதற்கு முன்னால் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன், "மாப்பிள்ளை, உங்க புது பீக்கனைக் கொண்டாங்க, ஒரு விளையாட்டு விளையாடலாம்" என்று.

அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளைய யாராவது சோதிச்சுப் பாப்பாங்களா? அதுவும் அவங்க அப்பா அம்மா முன்னாடி?" என்றாள். நம் ஊர்ப் பக்கத்தில் மாப்பிள்ளை தண்ணீர் கேட்பதற்குள் சொம்பு வந்துவிட வேண்டும். அவருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்று பெண் வீட்டார் காட்டிக்கொடுக்கக் கூடாது. எனக்கும் அது தெரியும், அம்மிணி. தெரிந்துதான் செய்தேன்.

மீதியை நீயே பார்த்தாய். அவன் பீக்கன் திரையில் கடையில் ஒட்டின பிளாஸ்டிக் தாள்கூட அப்படியே இருந்தது. தேடும் நிலைக்கு மாற்றாமலே கொஞ்ச நேரம் மரத்தைச் சுற்றினான். நீ கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து கத்திய பிறகு மாற்றினான். இன்னொரு கையில் போனை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததால் எண்கள் கண்டபடி குதித்தன. பக்கத்தில் போன் இருந்தால் பீக்கன் குழம்பும் என்று எனக்கே தெரியும், அவனுக்குத் தெரியவில்லை. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. சம்மந்தி, "போதும் விடுங்க, பையன் வெயில்ல நிக்கறான்" என்றார். அதற்குள் உன் அம்மா செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போய், சருகைக் கையால் விலக்கி, பீக்கனை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்று சாயங்காலம் கராஜில் வைத்து நீ சொன்னது, "யூ ஹியூமிலியேட்டட் ஹிம், அப்பா." அதன் பிறகு என்னோடு கல்யாண வேலை தவிர வேறு பேச்சில்லை. எனக்கு வலித்தது. நீ சொன்னதில் நியாயம் இருந்ததால் இன்னும் வலித்தது.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அடுத்த சனிக்கிழமை நீயும் அம்மாவும் ரவிக்கை அளவு பார்க்கப் போன நேரத்தில் வாசலில் மணி அடித்தது. விக்னேஷ், முதுகில் அந்தப் பையோடு நின்றான். "அங்கிள், ஃப்ரீயா இருக்கீங்களா? இன்னொரு தடவை ஒளிச்சு வைங்க. ஆன்ட்டி எடுத்துக் குடுக்கக் கூடாது" என்றான். உன்னிடமே கற்றுக்கொள்ளலாமே என்றேன். "அவ முன்னாடி மறுபடி ஃபெயில் ஆக வேணாம் அங்கிள். உங்க முன்னாடி எத்தனை தடவை ஆனாலும் பரவாயில்ல" என்றான். அந்தப் பதிலுக்காகவே அவனுக்கு ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள பூங்காவுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். நீ எப்போது வெளியே போகிறாய் என்று பார்த்து எனக்கு மெசேஜ் அனுப்புவான், கள்ளக் காதல் மாதிரி. ஊஞ்சல்களுக்குக் கீழே கொட்டி வைத்திருக்கிற மரச்சில்லுகளில் உன் பீக்கனை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் புதைப்பேன். போன்கள் காரிலேயே இருக்கும். முதலில் அவன் ஓடினான், ஓடினால் அம்புக்குறி பின்தங்கிவிடும் என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் வந்ததும் குனிந்து, கருவியைத் தரையோடு வைத்துப் பொறுமையாக நகர்த்த இப்போது கற்றுக்கொண்டான். நடக்க வருகிற ஒரு பெரியவர் ஒவ்வொரு முறையும் "சாவி கிடைத்துவிட்டதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. மலையில் நடக்கிற வகுப்புக்கும் கல்யாணத்துக்கு முன்பே பெயர் கொடுத்துவிட்டான். அதற்காக அவன் சிநேகிதர்கள் ஏற்பாடு செய்திருந்த லாஸ் வேகாஸ் பயணத்தை விட்டுவிட்டான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். சொல்லிவிட்டேன், மன்னிப்பான்.

போன வாரம் தேடி எடுத்த களைப்பில் புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "அவ கடைசியா எப்ப ப்ராக்டிஸ் பண்ணினா, மாமா?" என்று கேட்டான். அங்கிள் மாமாவாக மாறியதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை. கேள்வி அப்படி இருந்தது. எனக்குப் பதில் தெரியும், சொல்லவில்லை.

விருந்து அன்று காலை கராஜில் கொலு பொம்மைப் பெட்டிக்கு அடியிலிருந்து உன் பீக்கனை நான்தானே எடுத்தேன்? போன சீசன் முடிந்து நீ பேட்டரியைக் கழற்றவே இல்லை. கோடை முழுக்க உள்ளேயே கிடந்து கசிந்து, வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டி, புது பேட்டரி போட்ட பிறகுதான் அது உயிர் பிடித்தது. ப்ரோப்பை உதறினேன், அது முழு நீளத்துக்கு வந்து பூட்டிக்கொள்ளவில்லை. இதை அன்று சம்மந்திகள் முன்னால் நான் சொன்னேனா? சொல்லவில்லை. அடுத்த வீட்டுப் பையனை எல்லோர் முன்னாலும் நிறுத்திவைத்துவிட்டு, என் பெண்ணுடையதைத் துடைத்து மறைத்துவிட்டேன். உன் அம்மா மாப்பிள்ளைக்குச் செய்ததைத்தான் நான் உனக்குச் செய்திருக்கிறேன். அரிசி டப்பா காலத்து வேகம் உன் கையில் இன்னும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அந்தப் பீக்கனைக் கடையில் கொடுத்துச் சோதிக்கச் சொல், சரியில்லை என்றால் புதிது வாங்கு, ப்ரோப்பையும் மாற்று. நான் சுரண்டியதை நம்பி மலை ஏறாதே.

இன்னொன்று. உங்கள் வகுப்பில், மலைக்குச் சேர்ந்து போகிறவர்களில் ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னாய். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு அது லேசில் வராது. பயந்தவள் என்று அவன் நினைத்துவிடுவானோ என்று நீ பேசாமல் இருப்பாய், உனக்கு ஆசையாக இருக்கிறதே என்று அவன் பேசாமல் இருப்பான். நானும் உன் அம்மாவும் கல்யாணமான புதிதில் ஊட்டியில் மூன்று நாள் காய்ச்சலோடு ஊர் சுற்றினோம். இரண்டு பேருக்கும் காய்ச்சல் என்பது ஈரோட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அது காய்ச்சல், மாத்திரையில் போய்விட்டது. அங்கே வேண்டாம் என்று தோன்றினால் வாயைத் திறந்து சொல். அவன் சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே. காலையில் அன்றைய பனிச்சரிவு அறிவிப்பை இருவரும் சேர்ந்து படியுங்கள், ஒருவர் படித்து மற்றவருக்குச் சொல்வது போதாது.

போகாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற வயதை நீ எப்போதோ தாண்டிவிட்டாய், எனக்கும் சொல்லத் தெம்பில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அதற்குக் காரணம் நான்கூட இல்லை.

விருந்து முடிந்து சம்மந்தி வீட்டார் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது, நான் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். விக்னேஷின் அம்மா மட்டும் பக்கத்தில் வந்து நின்றார். அன்று முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர். கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டார், "ஏனுங்க, எம்பையனுக்கு ஒண்ணும் தெரியலீன்னு பாத்துட்டேன். உங்க புள்ளைக்குத் தெரியுமுங்களா? அவன் உள்ள போயிட்டான்னா, அவ தேடி எடுத்துருவாளுங்களா?"

அன்று காலை சுரண்டிய வெள்ளைப் பொடி என் நகத்துக்குள் இன்னும் இருந்தது. "கண்டிப்பா எடுத்துருவாளுங்க" என்றேன். "அது போதுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா காரில் ஏறிக்கொண்டார்.

தை மாதம் மண்டபத்தில் உன் கையை அவன் கையில் வைத்து நான் தண்ணீர் வார்க்கும்போது ஊரே பார்க்கும், போட்டோ எடுக்கும், உன் அம்மா அழுவாள். அந்த அம்மா தன் பிள்ளையை உன் கையில் கொடுத்ததை யாரும் பார்க்கவில்லை. நம் வீட்டு டிரைவ்வேயில், என் சொல் ஒன்றை நம்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சொல் உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. இதுதான் அம்மிணி, என் களைப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவுக்கு வா. விக்னேஷ் ஒளித்து வைப்பான், நீ தேடு. நான் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவைக் கூட்டி வர மாட்டேன். எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

அப்பா